ஒரு தாள், ஐந்து வினாக்கள்: சிறு பணிகளைத் திட்டமிட ஓர் எளிய முறை

மாடியில் ஓர் அறை கட்டுதல், கடையை அடுத்த தெருவுக்கு மாற்றுதல், தையலகத்திற்கு நான்கு புதிய இயந்திரங்கள் வாங்குதல் என நம் வாடிக்கையாளர்களில் பலர் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு சிறு பணியை மேற்கொள்கின்றனர். தொகையின் அளவில் இவை சிறியனவாக இருக்கலாம். அந்தக் குடும்பத்திற்கோ, பல ஆண்டுச் சேமிப்பும் அடுத்த சில ஆண்டுகளின் தவணையும் இப்பணி ஒன்றில்தான் அடங்கியிருக்கின்றன. ஆதலால் பாதியில் நின்றுபோகும் சிறு பணி ஒருபோதும் சிறிய இழப்பன்று.

இத்தகைய பணிகள் இடையில் நிற்பதற்குப் பணப் பற்றாக்குறையே காரணம் என்று பொதுவாகக் கூறப்படும். கணக்கை விரித்துப் பார்த்தால் பல நேரங்களில் வேறொன்று புலப்படும். பணம் போதுமான அளவு இருந்திருக்கும். ஆனால் அது வேலையை முந்திக்கொண்டு வெளியேறியிருக்கும். வீட்டுக் கடனை வங்கி ஒரே தவணையில் கொடுத்துவிடாமல், அடித்தளம், லிண்டல் மட்டம், கூரை, பூச்சு எனக் கட்டுமானம் உயர உயரப் பகுதி பகுதியாக விடுவிப்பதன் பொருள் இதுவே. வாடிக்கையாளர்களில் சிலர் இதனை ஒரு தாமதமாகக் கருதுவதுண்டு. உண்மையில் இது ஒரு பாதுகாப்பு. மேலும், விடுவிக்கப்பட்ட தொகைக்கு மட்டுமே வட்டி கணக்கிடப்படுவதால் கடன் பெறுபவருக்கும் இது நன்மையே. இதே ஒழுங்கை நம் சொந்தச் சேமிப்பைச் செலவிடும்போதும் எவ்வாறு கடைப்பிடிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முறையின் பின்னணி

பணியைச் சிறு சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நின்று சரிபார்க்கும் வழக்கம் தொழிற்சாலைகளில் வளர்ந்தது. அமெரிக்கரான வால்டர் ஷூவர்ட் தரக் கட்டுப்பாட்டுக்காக இக்கருத்தை வகுத்தார். 1950-இல் ஜப்பானில் விரிவுரைகள் நிகழ்த்திய எட்வர்ட்ஸ் டெமிங் இதனை அந்நாட்டுப் பொறியாளர்களிடையே பரப்பினார். 'திட்டமிடு, செய், சரிபார், திருத்து' என்னும் நான்கு சொற்களாக இன்று உலகெங்கும் இது அறியப்படுகிறது.

நம் நாட்டிலும் சிறந்த முன்மாதிரிகள் உள்ளன. ஈ. ஸ்ரீதரன் தலைமையில் உருவான கொங்கண் ரயில் பாதையிலும் தில்லி மெட்ரோவிலும், இலக்கு நாளுக்கு இன்னும் எத்தனை நாட்கள் உள்ளன என்பதைக் காட்டும் பின்னோக்கிய கடிகாரங்கள் பணியிடங்களில் வைக்கப்பட்டிருந்தன. தில்லி மெட்ரோ முழுவதும் முடியும்வரை காத்திருக்கவில்லை. ஷாஹ்தரா முதல் தீஸ் ஹஸாரி வரையிலான முதற்பகுதி 2002 டிசம்பரிலேயே பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. பெரும் பணியாயினும் சிறு பணியாயினும் நெறி ஒன்றே: கண்ணால் காணத்தக்க பகுதிகளாகப் பிரி, ஒவ்வொன்றையும் முடித்த பின் அடுத்ததைத் தொடு.

வீட்டளவில் இந்நெறியைக் கடைப்பிடிக்க மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் ஐந்து வினாக்களும் போதும்.

1. முடிவு எது?
2. படிகள் எத்தனை?
3. எது முன், எது பின்?
4. பணம் எப்போது?
5. கற்றது என்ன?

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இவற்றைக் காண்போம். ஒரு குடும்பத்தில் ஜனவரி இறுதியில் மகனுக்குத் திருமணம். அதற்குள் மாடியில் குளியலறையுடன் கூடிய ஓர் அறை கட்ட வேண்டும். கீழ்க்காணும் தொகைகள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலைவாசிக்கேற்ப அவை மாறும்.

முதல் வினா: முடிவு எது?

'மாடியில் அறை கட்ட வேண்டும்' என்பது விருப்பம்; அது முடிவாகாது. 'ஜனவரி 10-க்குள், 12 அடிக்கு 14 அடி அளவுள்ள ஓர் அறையும் ஒரு குளியலறையும், மின்சாரமும் தண்ணீரும் வந்து, குடியிருக்கத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும். மொத்தச் செலவு 7,70,000 ரூபாயைத் தாண்டலாகாது' என்பதே முடிவு. நாள், அளவு, தொகை ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் அமைய வேண்டும்.

இவ்வாக்கியத்திற்குக் கீழே மற்றொரு வரியையும் எழுதுவது நல்லது: 'இப்பணியில் சேராதவை.' பால்கனி, மொட்டை மாடித் தடுப்புச் சுவர், கீழ்த்தளத்திற்கு மறுவர்ணம் ஆகியன இப்போது இல்லை என்று எழுதிவிட்டால், இடையில் எழும் ஆசைகளுக்கு அதுவே விடை சொல்லிவிடும். வீட்டில் உள்ள பெரியவர்கள் உட்பட அனைவரும் இவ்விரு வரிகளையும் படித்து ஒப்புக்கொண்ட பின்னரே அடுத்த வினாவுக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் வினா: படிகள் எத்தனை?

பணியை நான்கு முதல் ஏழு படிகளாகப் பிரிக்கலாம். அதற்குக் குறைந்தால் இடையில் நின்று பார்க்க வாய்ப்பிராது. மிகுந்தால் கணக்கு வைப்பதே தனி வேலையாகிவிடும். நம் எடுத்துக்காட்டில் ஐந்து படிகள்:

முதற்படி: வரைபடம், உள்ளாட்சி அமைப்பின் அனுமதி, பழைய அடித்தளம் மாடியைத் தாங்குமா என்னும் பொறியாளர் ஆய்வு. 40,000 ரூபாய், 3 வாரங்கள்.
இரண்டாம் படி: தூண்கள், லிண்டல் மட்டம் வரை சுவர். 1,60,000 ரூபாய், 3 வாரங்கள்.
மூன்றாம் படி: சென்ட்ரிங், கம்பி கட்டுதல், கூரைக் கான்கிரீட், நீர் தேக்கி ஆற்றுதல். 2,00,000 ரூபாய்; 3 வாரங்கள்.
நான்காம் படி: மின் குழாய்கள், தண்ணீர்க் குழாய்கள், சுவர்ப்பூச்சு. 1,40,000 ரூபாய், 3 வாரங்கள்.
ஐந்தாம் படி: டைல்ஸ், கதவு, சன்னல், வர்ணம். 1,60,000 ரூபாய், 3 வாரங்கள்.

ஆக 7,00,000 ரூபாய், 15 வாரங்கள். இதனுடன் எதிர்பாராச் செலவுக்காகப் பத்து விழுக்காடு, அதாவது 70,000 ரூபாயும், எதிர்பாராத் தாமதத்திற்காக 3 வாரங்களும் சேர்த்தால் 7,70,000 ரூபாய், 18 வாரங்கள்.

ஒவ்வொரு படியின் முடிவும் கண்ணால் கண்டு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். 'பூச்சு வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது' என்பது அளவுகோலன்று. எஞ்சிய கால்வாசியில்தான் மூலை முடுக்குகளும் குழாய் வாயில்களும் அடங்கியிருக்கும். 'நான்கு சுவர்களும் கூரையின் அடிப்புறமும் பூசப்பட்டு, குழாய்களில் நீர் விட்டுக் கசிவு பார்க்கப்பட்டது' என்பதே படியின் முடிவு.

மூன்றாம் வினா: எது முன், எது பின்?

வேலைகளில் இருவகை உண்டு. சில வேலைகளில் நம் உழைப்பு தேவை. சிலவற்றில் காத்திருப்பு மட்டுமே தேவை. அனுமதி பெறுதல், தச்சர் கதவு செய்து தருதல், கான்கிரீட் இறுகுதல் ஆகியன காத்திருக்கும் வேலைகள். இவற்றை எவ்வளவு முன்னதாகத் தொடங்க இயலுமோ அவ்வளவு முன்னதாகத் தொடங்க வேண்டும். கதவும் சன்னலும் ஐந்தாம் படியில்தான் பொருத்தப்படும். ஆயினும் இரண்டாம் படியில் சுவரின் திறப்பு அளவுகள் உறுதியானவுடனேயே அவற்றுக்குச் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் படி வந்த பின் சொன்னால், தச்சரின் மூன்று வாரங்கள் முழுவதும் நம் நாட்காட்டியில் ஏறிவிடும்.

காத்திருக்கும் வேலையில் சுருக்குவழி கூடாது. கான்கிரீட் கட்டுமானத்திற்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் முதலியன கலந்த சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாட்களும் ஈரம் காக்கப்பட வேண்டும் என்கிறது. வெயிலும் வறட்சியும் மிகுந்தால் இன்னும் கூடுதல் நாட்கள் தேவை. சென்ட்ரிங்கை என்று பிரிப்பது என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டுமேயன்றி, பலகையை வாடகைக்குக் கொடுத்தவர் சொல்லலாகாது. திருமண நாள் நெருங்குகிறது என்பது கான்கிரீட்டுக்குத் தெரியாது.

வரிசை அமைந்தபின் நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள். ஜனவரி 10-இலிருந்து 18 வாரங்கள் பின்னே சென்றால் செப்டம்பர் 6 வரும். அன்று முதற்படி தொடங்கினால், ஆறு வாரங்கள் கழித்து, ஏறத்தாழ அக்டோபர் 18-இல் கூரை வேலை தொடங்கும். மும்பையில் வசிப்பவருக்கு இது ஏற்ற காலம். தென்மேற்குப் பருவமழை பொதுவாக அதற்குள் விலகியிருக்கும். சென்னையில் வசிப்பவருக்கோ வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வாரம் அதுவே. ஆகவே சென்னைக் குடும்பம் ஆறு வாரங்கள் முன்னதாக, ஜூலை இறுதியிலேயே முதற்படியைத் தொடங்கினால், கூரை வேலை செப்டம்பர் தொடக்கத்தில் வரும். பெருமழைக்கு முன் தலைக்குமேல் தளம் இருக்கும். ஒரே தாள், ஒரே எண்ணிக்கை; ஊர் மாறினால் தொடங்கும் நாள் மாறுகிறது. திட்டத்தைத் தாளில் எழுதுவதன் பயன் இத்தகைய இடங்களில்தான் தெரியவரும்.

நான்காம் வினா: பணம் எப்போது?

இதுவே இம்முறையின் உயிர்நாடி. வேலைக்குப் பின்னால் பணம் செல்ல வேண்டும். பணத்திற்குப் பின்னால் வேலை வரும் என்று காத்திருக்கலாகாது.

ஒப்பந்ததாரர் தொடக்கத்திலேயே பாதித் தொகையான 3,50,000 ரூபாயை முன்பணமாகக் கேட்பதாகக் கொள்வோம். அதைக் கொடுத்துவிட்டு, வரைபடப் படி முடிந்த நிலையில் அவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டால், 3,10,000 ரூபாய் அளவுக்கு வேலை வர வேண்டியிருக்கும். கையில் தாள்கள் மட்டுமே இருக்கும். மாறாக, படிவாரியாக ஒப்புக்கொண்டு, சிமென்ட், கம்பி, செங்கல் ஆகியவற்றை நாமே கடையில் வாங்கித் தந்து, இரண்டாம் படிக்கு ஆட்கூலி முன்பணமாக 30,000 ரூபாய் மட்டும் கொடுத்திருந்தால், ஆபத்துக்கு உள்ளாகும் தொகை அவ்வளவே. இது மேஸ்திரியின் நேர்மையை ஐயுறுவதாகாது. வாரக் கூலி கொடுக்க அவருக்கும் பணம் வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு முன்பணமும், படி முடிந்த அன்றே மீதித் தொகையும் என்று பேசிக்கொள்ள வேண்டும். முடித்த வேலைக்குத் தாமதமின்றிப் பணம் தருபவரின் வீட்டுக்கே மேஸ்திரி முதலில் ஆள் அனுப்புவார்.

மேலும் சில நடைமுறைகள்:

கூடுமானவரை வங்கிக் கணக்கின் வழியே பணம் செலுத்துங்கள். எந்தப் படிக்கான தொகை என்பதைக் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். பின்னாளில் கருத்து வேறுபாடு எழுந்தால் கணக்கு அறிக்கையே சான்றாகும்.

ஒரு படிக்கு வேண்டிய பொருளை மட்டும் வாங்குங்கள். விலை ஏறும் என்று அஞ்சி எல்லா மூட்டைகளையும் முதலிலேயே அடுக்கிவைத்தால் பணம் முடங்கும். மூன்று மாதங்களுக்கு மேல் இருப்பில் கிடக்கும் சிமென்டும் வலிமை குன்றும்.

மொத்தத் தொகையில் ஐந்து விழுக்காட்டை, இங்கு 35,000 ரூபாயை, இறுதிச் சோதனை வரை நிறுத்திவைப்பதாக முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். அரசு ஒப்பந்தங்களிலும் இவ்வாறு ஒரு பகுதியைப் பிடித்துவைக்கும் வழக்கம் உண்டு. கூரையின்மேல் ஒரு நாள் முழுவதும் நீர் தேக்கிப் பாருங்கள். குளியலறைத் தரையில் இச்சோதனையை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னரே செய்துவிட வேண்டும். ஒட்டிய பின் கசிவு தெரிந்தால் ஒட்டியதை உடைக்க நேரும்.

எதிர்பாராச் செலவுத் தொகையை வேறொரு சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால வைப்பிலோ வைத்திருங்கள். வேலைக்கான கணக்கிலேயே இருந்தால் அது எதிர்பார்த்த செலவாக மாறிவிடும்.

ஐந்தாம் வினா: கற்றது என்ன?

ஒவ்வொரு படியின் முடிவிலும் அரை மணி நேரம் ஒதுக்கி, குடும்பத்தினர் தாளை நடுவில் வைத்து மூன்றைப் பார்க்க வேண்டும்: மதிப்பிட்ட தொகை, செலவான தொகை, வேறுபாட்டுக்கான காரணம்.

இரண்டாம் படி 1,60,000 ரூபாய்க்குப் பதில் 1,78,000 ரூபாயில் முடிந்தது என்போம். கூடுதல் 18,000 ரூபாய். இது அஞ்சத்தக்கதா? ஓர் எளிய ஒப்பீடு விடை தரும். முடிந்த வேலையின் பங்கையும் கரைந்த எதிர்பாராத் தொகையின் பங்கையும் அருகருகே வையுங்கள். முதல் இரண்டு படிகளின் மதிப்பு 2,00,000 ரூபாய். மொத்தத்தில் ஏறத்தாழ 29 விழுக்காடு. எதிர்பாராத் தொகையில் கரைந்தது 70,000-இல் 18,000; ஏறத்தாழ 26 விழுக்காடு. வேலையின் பங்கே மிகுதியாதலால் பணி சரியான நிலையில் உள்ளது. கூடுதல் செலவு 35,000 ரூபாயாக இருந்திருப்பின், முப்பது விழுக்காடு வேலைகூட முடியாத நிலையில் பாதிக் காப்புத்தொகை கரைந்திருக்கும். அப்போது உடனே நின்று, எஞ்சிய படிகளைத் திருத்தி எழுத வேண்டும்.

எதைக் குறைப்பது என்பதிலும் ஒரு நெறி உண்டு. பின்னர் மாற்றத்தக்கவற்றைக் குறைக்கலாம்; மாற்ற இயலாதவற்றைக் குறைக்கலாகாது. விலையுயர்ந்த டைல்ஸுக்குப் பதில் எளிய டைல்ஸ், அலமாரிக் கதவுகளை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தல் ஆகியன தகும். கம்பியின் கனத்திலும் சிமென்டின் அளவிலும் கைவைத்தல் தகாது.

இடையில் 'அப்படியே ஒரு பால்கனியும் போட்டுவிடலாமே' என்னும் குரல் எழுவது இயல்பு. அதை உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே ஏற்கவும் வேண்டாம். தாளின் பின்புறத்தில் அதற்கான தொகையையும் நாட்களையும் எழுதிவையுங்கள். முடிவெடுப்பது அடுத்த படியின் இறுதியில் நடக்கும் அரை மணி நேரக் கூட்டத்தில்தான். பின்புறத்தில் எழுதப்பட்ட பல ஆசைகள் அந்தக் கூட்டம் வருமுன் தாமாகவே மறைந்துவிடும். தேவையானது மட்டும் எஞ்சும்.

அதே தாள், வேறொரு பணி

ஒரு பணிக்கு மட்டும் பயன்பட்டால் அது முறையாகாது. தையலகம் நடத்தும் ஒருவர் நான்கு மின்தையல் இயந்திரங்களைச் சேர்க்க விரும்புகிறார் எனில், இதே ஐந்து வினாக்களை எழுதலாம்.

முடிவு: பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்திற்கு முன், ஏப்ரல் தொடக்கத்தில், நான்கு இயந்திரங்களிலும் சீருடைத் தையல் நடக்க வேண்டும். படிகள்: விலைப்புள்ளி பெறுதல், கடன் ஒப்புதல், கூடுதல் மின் பளு, இயந்திரம் நிறுவுதல், தையலர்களுக்குப் பயிற்சி, முதல் ஆர்டர். முன்பின்: கூடுதல் மின் பளுவுக்கான விண்ணப்பம் காத்திருக்கும் வேலை, ஆகவே இயந்திரம் வருமுன்னரே அதைக் கொடுத்துவிட வேண்டும். பணம்: இயந்திரக் கடனில் வங்கி பொதுவாக விற்பனையாளருக்கே நேரடியாகத் தொகையைச் செலுத்தும், நூல், துணி, கூலிக்கான நடைமுறை மூலதனத்தைத் தனியே கணக்கிட வேண்டும். இயந்திரங்கள் வந்தும் நூல் வாங்கப் பணமின்றி நிற்கும் நிலை இதைத் தவறவிடுவதால் நேர்கிறது. கற்றது: ஒரு சீருடைக்கு மதிப்பிட்ட நேரம் எவ்வளவு, உண்மையில் ஆன நேரம் எவ்வளவு என்பதே அடுத்த பருவத்தின் விலையைத் தீர்மானிக்கும்.

இத்தகைய சிறு தொழில்களுக்காகவே பிரதம மந்திரி முத்ரா திட்டம் 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்டது. வேளாண் துறை சாராத சிறு, குறுந்தொழில்களுக்குப் பிணையின்றி 10 இலட்சம் ரூபாய் வரை கடன் பெற இத்திட்டம் வழிவகுத்தது. தருண் பிரிவில் கடன் பெற்று முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு இவ்வரம்பு 2024-இல் 20 இலட்சமாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பத்துடன் இவ்வாறு எழுதப்பட்ட ஒரு தாளும் இருந்தால், அலுவலர் கேட்க நினைக்கும் வினாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே விடையளித்துவிடும்.

முடிந்த பணியின் தாளைக் கிழித்தெறியாமல் ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். பூச்சு வேலைக்கு மேஸ்திரி சொன்ன நாட்கள் எத்தனை, ஆன நாட்கள் எத்தனை. எந்தப் படியில் செலவு மிகுந்தது என்பன உங்கள் ஊரின், உங்கள் குடும்பத்தின் சொந்தக் கணக்குகள். இவை வேறெந்த நூலிலும் கிடைக்கா. மூன்றாவது தாளை எழுதும்போது உங்கள் மதிப்பீடு முதல் தாளைவிடத் துல்லியமாக இருக்கும்.

நினைவிற்கொள்ள:

• நாள், அளவு, தொகை மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதுக, சேராதவற்றையும் எழுதுக.
• கண்ணால் காணத்தக்க நான்கு முதல் ஏழு படிகளாகப் பிரிக்க.
• காத்திருக்கும் வேலைகளை முதலில் தொடங்குக. நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுக.
• முடிந்த படிக்கே பணம். பத்து விழுக்காடு தனிக் காப்பு. ஐந்து விழுக்காடு இறுதிச் சோதனை வரை நிறுத்தம்.
• படிதோறும் அரை மணி நேரக் கணக்கு. பணி முடிந்ததும் தாள் கோப்பில்.

அடுத்த பணியைப் பற்றி வீட்டில் பேச்சு எழும்போது, ஒப்பந்ததாரரை அழைப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து முதல் வினாவுக்கு விடை எழுதிப் பாருங்கள். கடன் தேவைப்படின் அத்தாளுடன் உங்கள் கிளைக்கு வாருங்கள். எந்தப் படிக்கு எவ்வளவு, எப்போது என்பதைச் சேர்ந்தே வகுத்துக்கொள்வோம்.